கிளாக்கர் படிப்புக்கு ஒரு கடிதம்

ஜனவரி 20, 1975. திங்கள்

விடியவே புழுக்கம். இந்த நாட்டில் ஜனவரிதான் கோடை. ஸ்பிரிங்வேலிலிருந்து சிற்றி வரைக்கும் ரெயிலில் நின்றபடி. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

டொய்ல் ஜூனில் ஓய்வாம். எங்கள் வக்கீல் கந்தோரின் தலைமைக் கிளாக்கர், முப்பது வருடம் அதே கதிரை. தேநீர் நேரம் மெதுவாகச் சொன்னார். "என் இடத்தை நீங்கள் கேட்டுப் பாருங்கள். வேலை தெரியும். சான்றிதழ்தான் இல்லை. படிப்பில் சேர்ந்திருந்தாலே முதலாளி யோசிப்பார்."

வேலை தெரியாமல்? அவருக்குக் கண்ணில் புரை. போன வருடம் முழுக்கக் காணி உறுதிப் பத்திரங்கள், உயில்கள் எல்லாம் என் கையால்தான். அவருடைய கையெழுத்து மட்டும் அடியில். சம்பளப் புத்தகத்தில் நான் ரைப்பிஸ்ட்.

ஜனவரி 22. புதன்

டெக்னிக்கல் கொலிஜின் விவரப் புத்தகம் தபாலில் வந்தது. சட்டக் கிளாக்கர் சான்றிதழ்.

நாலு வருடம். கிழமைக்கு மூன்று பின்னேரம், ஆறிலிருந்து ஒன்பது.
கட்டணம்: இல்லை. அரசாங்கம் நீக்கிவிட்டது. புத்தகங்கள் நம் தலையில்.
வீடு வந்து சேர: பத்தேகால்.
வாசுகி: ஆறு வயது. இவருக்குக் கார்த் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். யார் பார்ப்பது?
முடிக்கும்போது எனக்கு 38.

முடித்து என்ன கிடைக்கும்? வக்கீல் ஆக முடியாது. கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. கிளாக்கர், அவ்வளவுதான். ஆனால் டொய்லின் சின்ன அறை. முதலாளி மணி அடித்ததும் நோட்டுப் புத்தகத்தோடு ஓட வேண்டியதில்லை. செய்கிற வேலைக்கு என் பெயர். இதற்கு நாலு வருடமா? ஓம் என்கிறது மனம். வெட்கமாகவும் இருக்கிறது, இவ்வளவு ஆசையா என்று.

வாங்க வேண்டியது: பாண், முட்டை, வாசுகிக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து.

ஜனவரி 23. வியாழன்

இவரிடம் சொன்னேன். "உம்மட விருப்பம்."

"விருப்பத்தைக் கேக்கேல்லை. உங்கட ஷிஃப்டைக் கேக்கிறன்."

சோறு முடித்துக் கை கழுவினார். பிறகு, "ஃபோர்மனிட்டக் கேட்டுப் பாக்கிறன்."

நல்ல மனுசன். ஃபோர்மனிடம் எதையும் கேட்டறியாதவர்.

ஜனவரி 24. வெள்ளி

கொலிஜுக்குப் போன் பண்ணினேன். வக்கீல் கந்தோரில் கிளாக்கர் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தானாம் படிப்பு. என்ன வேலை செய்கிறேன் என்று முதலாளியின் கடிதம் வேண்டும். முதலாளியிடம் கேட்டபோது தலை நிமிரவில்லை. "நீங்களே அடித்துக்கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடுகிறேன்."

ஜனவரி 26. ஞாயிறு

குசினி மேசையில் கடிதம். முதலில் உள்ளதை எழுதினேன், முதலாளி என்னைப் பற்றிச் சொல்வதுபோல. காணி உறுதிகளைத் தயாரிக்கிறார். பதிவுக் கந்தோரில் பழைய உறுதிகளைத் தேடிச் சரிபார்க்கிறார். உயில்களை எழுதுகிறார். வாசித்தபோது காது சூடானது. ஊரில் ஒரு பெண் தன் வாயால் தன்னைக் கெட்டிக்காரி என்று சொன்னால் அதோடு அவள் கதை முடிந்தது. டொய்லையும் நினைத்தேன். நான் இவ்வளவும் செய்தால் அவர் என்ன செய்கிறார் என்று கேட்க மாட்டார்களா?

இவர் வாசித்தார். "பொய் ஒண்டும் இல்லை. ஆனா முதலாளி வாசிச்சா, இவவுக்கு இவ்வளவு எண்ணமோ எண்டு நினைப்பார்."

மாற்றினேன். தயாரிக்க உதவுகிறார். தேட உதவுகிறார். எழுத உதவுகிறார். அடக்கமாக வந்துவிட்டது. நிம்மதி.

வாசுகியின் தலையில் பேன். அவளுடைய பள்ளிக்கூடத்தில் எல்லாருக்குமாம்.

ஜனவரி 29. புதன்

முதலாளி போனைத் தோளில் இடுக்கியபடி கையெழுத்து. ஒரு வரி வாசிக்கவில்லை. தபாலில் போட்டேன்.

பெப்ரவரி 7. வெள்ளி

வெளியில் 101 டிகிரி வெயில். இவருக்குத் திங்களிலிருந்து பகல் ஷிஃப்ட். ஆனால் பெயின்ற் அடிக்கும் பகுதிக்கு. வேறு இடம் இல்லையாம். "பரவாயில்லை, உம்மட படிப்பு முடியுமட்டும்தானே." நாலு வருடத்தை நாலு நாள் போலச் சொல்கிறார்.

பெப்ரவரி 12. புதன்

கொலிஜிலிருந்து பதில். கடிதத்தில் காட்டிய வேலை தட்டச்சு உதவியாளரின் வேலை. சேர்க்க இயலாது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம்.

அவர்கள் பேரில் பிழையில்லை. நான் எழுதியதைத்தான் நம்பினார்கள். கதவை நானே இழுத்துச் சாத்தியிருக்கிறேன். கறி அடிப்பிடித்துவிட்டது. வாசுகி: "மம், டிட் யூ ஃபெயில்?"

ஓம் பிள்ளை.

பெப்ரவரி 13. வியாழன்

இன்னொரு கடிதம் கேட்டேன். முதலாளி பழைய பிரதியை எடுத்து வாசித்தார், முதல் தடவையாக.

"இது நீங்கள் எழுதியதுதானே?"

"ஓம்."

"பொய்யா?"

"இல்லை. குறைத்து எழுதிவிட்டேன்."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? தமிழில் என்றாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. 

அவர் கோபப்படவில்லை. "மிஸஸ் நாதன், கையெழுத்துப் போட்டபின் அது என் வாக்கு. இரண்டு கிழமையில் மாற்றி எழுதினால் என் கையெழுத்தை யார் மதிப்பார்?"

டொய்ல் பக்கத்து அறையில். கதவு திறந்திருந்தது. கண்ணைப் பற்றி அவரும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை. அவர் ஒரு சொல் சொன்னால் போதும், முதலாளி நம்புவார். அவருக்கு இன்னும் நாலு மாதம் ஓட்ட வேண்டும்.

ரெயிலில் அழுதேன். எதிரில் இருந்த கிழவி கண் துடைக்க ரிஷ்யூ நீட்டினாள். வாங்கவில்லை. அதற்கும் வெட்கம்.

பெப்ரவரி 16. ஞாயிறு

இவருக்குத் தலையிடி, இருமல். பின்னேர ஷிஃப்டுக்கு இனித் திருப்பி விடமாட்டார்களாம். "அடுத்த வருசம் பாப்பம்" என்கிறார். அடுத்த வருடம் டொய்லின் இடத்தில் வேறொருவர் இருப்பார். இவர் சட்டையை மூன்று தரம் தோய்த்தும் பெயின்ற் மணம் போகவில்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. எல்லாம் போதும் போதும் என்றிருக்கிறது.

பெப்ரவரி 19. புதன்

மழை. குடை ரெயிலில் போய்விட்டது.

பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டுமாம், டொய்லின் இடத்துக்கு. முதலாளி: "அவர் என்னென்ன செய்கிறார் என்று உங்களுக்குத்தான் தெரியும். பட்டியல் போட்டு அடித்துத் தாருங்கள்."

கால் மணித்தியாலத்தில் முடிந்தது. தயாரிப்பார், தேடுவார், எழுதுவார், தனியே போய்ப் பணத்தையும் உறுதியையும் கைமாற்றுவார். பதினொரு வரி. ஓரிடத்திலும் கை கூசவில்லை. யாரோ ஒருவருக்குத்தானே. கடைசி வரி: கிளாக்கர் சான்றிதழ் உள்ளவர் விரும்பப்படுவார்.

இதை முழுக்க வாசித்தார். "நன்றாக இருக்கிறது. இவ்வளவையும் ஒரே ஆளால் செய்ய முடியுமா?"

"முடியும்" என்றேன்.

நாலு மணித் தபாலில் போனது.