பதிலுக்கு விட்ட இடம்

வெண்டல்,

யாக்கிமாவில் பள்ளி ஆசிரியர்கள் கூட்டம், கிளம்புகிறேன். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் சூடாக இருக்கின்றன. ஆப்பிள் பை பலகாரம் உன் தங்கை மேவிஸுக்கு, ஏழு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வாள். தொடாதே.

தேசிய ஆசிரியர் சான்றிதழ் எனக்குக் கிடைத்துவிட்டது! நீ தோட்டத்தில் கிளை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் முடிவைப் பார்த்தேன்.

தேர்வுக்காக என் வகுப்பை வீடியோ எடுத்தபோது, அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாயே: "கேள்வியும் நீயே கேக்குற, பதிலும் நீயே சொல்ற. பசங்கள வாயத் தொறக்க விடுறியா? வீட்டுலயும் இதே கதைதான்!" இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணப் பழகினேன். பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். திரும்ப எடுத்த அந்த வீடியோதான் தேறியது.

இனி வருடாவருடம் ஊக்கத்தொகை வரும். தேர்வுக் கட்டணத்துக்கு மாநிலம் தந்த கடனை முதல் தொகையிலேயே அடைத்துவிடலாம். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிக்கு மாறினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைக்குமாம். மலைக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு பள்ளியில் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் பனிக்காலத்தில் அந்தச் சாலை, இருட்டிய பிறகு வீடு திரும்புவது, ராத்திரிச் சமையல் முழுக்க உன் தலையில்.

போகட்டுமா?

பதிலையும் நானே எழுதினேன். அடித்துவிட்டேன். கீழே பாதித் தாள் உனக்கு. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கொரீன்

பி.கு.: பனிக்காலணியைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் வராதே. பார், இதைக்கூட ஓரத்தில்தான் நெருக்கி எழுதுகிறேன். உன் இடத்தைத் தொடவில்லை.