எழுபத்தொன்றில் நிற்கிறது

மார்ச் 4

அம்மாடிக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் பழைய போன் நம்பர் இப்போது யாரோ ஒரு மனுஷனிடம் இருக்கிறது. இரண்டு முறை கூப்பிட்டேன், இரண்டு முறையும் திட்டு வாங்கினேன். விலாசம் மட்டும்தான் என்னிடம் மிச்சம்.

நீயும் என் பையனும் பிரிந்து பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது போய் இவள் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். எல்லாம் நீ பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரால்தான். புது சிஸ்டத்துக்கு மாறு, மாறு என்று தினமும் நச்சரித்தது. தொலையட்டும் என்று சரி சொன்னேன். எழுபத்தொரு சதவீதம் வரை போகிறது. அங்கே நின்று யோசிக்கிறது. பிறகு அணைந்து எழுந்து, பழைய நிலைக்கே திரும்புவதாகச் சொல்கிறது. மூன்று முறை இதே கூத்து. இப்போது குறுக்கெழுத்துக் கட்டம் போடும் புரோகிராமும் திறக்கமாட்டேன் என்கிறது. போன வாரம் பத்திரிகையில் என் பழைய புதிர் ஒன்றையே திரும்பப் போட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம்தான் பார்ப்பார்களாம். அந்த வேலையும் போனால் எனக்கு நாள் போகாது.

பையனிடம் சொன்னேன். "அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கம்மா"ன்னான். அதோடு போனை வைத்துவிட்டான்.

அன்புடன்,
அத்தை

மார்ச் 9

அத்தைக்கு,

வணக்கம். கடிதம் வந்தது. நான் அதே ஆஸ்பத்திரியில், அதே கம்ப்யூட்டர் பிரிவில்தான் இருக்கிறேன். நலம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிரிண்டர் வயரைக் கழற்றிவிட்டு முயற்சி செய்தீர்களா? சி டிரைவில் எவ்வளவு இடம் காலி? மூலையில் காட்டும் தேதியும் மணியும் சரியாக இருக்கின்றனவா? வைரஸ் தடுப்பு எதுவும் ஓடுகிறதா? உள்ளே இருந்த ஃபோல்டர் எதையாவது யாராவது அழித்தார்களா, இடம் மாற்றினார்களா? பதில் வரும்வரை நாலாவது தடவை முயற்சி பண்ணாதீர்கள். உங்கள் பொறுமை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 13

அம்மாடிக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்தே வாங்கினேன். வாசலில் நின்றபடியே படித்தேன்.

பிரிண்டரைக் கழற்றியாகிவிட்டது. மேஜைக்கு அடியில் குனிந்தவள் எழுந்திருக்கப் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கடிதம் ஆகும். இடம் நாற்பது ஜி.பி. காலி. தேதி, மணி சரி. வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டேன். நேற்று உட்கார்ந்து கையாலேயே கட்டம் வரைந்தேன். பதினைந்துக்குப் பதினைந்து போட ஆரம்பித்து, முடியும்போது பதினாறு வந்து நின்றது. சிரிப்பாக இருந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

நீ இளைத்திருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
அத்தை

மார்ச் 17

அத்தைக்கு,

ஐந்து கேள்வி கேட்டேன். நாலுக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லாமல் விடத்தான் வரும். என்ன நடந்தது என்று எழுதுங்கள், சரி பண்ணிவிடலாம்.

நான்தான்

மார்ச் 20

அம்மாடிக்கு,

பிடித்துவிட்டாயே.

கோர்ட்டில் எல்லாம் முடிந்த மறு வாரம் பையன் வந்திருந்தான். "அவ பேர்ல இதுல இருக்கிறதை எல்லாம் அழிச்சிடுங்க. அடுத்த தடவை வரும்போது நான் பார்ப்பேன்"னு சொல்லிவிட்டுப் போனான். உன் பரீட்சைக் குறிப்புகள், போட்டோக்கள், என்னென்னவோ இருந்தன. எதையும் நான் திறந்து பார்க்கவில்லை. ஆனால் அழிக்கக் கை வரவில்லை. உன் ஃபோல்டரை அப்படியே எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு, என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். நான் முன்பே திறந்து வைத்திருந்த திரையில் அவன் வந்து தேடினான், ஃபோல்டர் இல்லை. திருப்தியாகப் போய்விட்டான். நான் செய்தது அவ்வளவுதான். இதனால்தான் மெஷின் கெட்டுப்போனதா?

மருமகளை அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் சொல்லட்டும். நான் அனுப்பவில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அத்தை

மார்ச் 26

அத்தைக்கு,

அதனால்தான். ஃபோல்டர் போய்விட்டது, ஆனால் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆட்களின் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. புது சிஸ்டம் ஒவ்வொருவருடைய பொருளையும் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறது. என் பெயரைப் பார்த்து என் பொருளைத் தேடுகிறது, கிடைக்காமல் திரும்பிவிடுகிறது.

இதற்கு இரண்டு வழி. ஃபோல்டரை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கலாம். அல்லது என் பெயரை நீக்கலாம். முதல் வழி சுலபம். ஆனால் இரண்டாவதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'கணக்குகள்', அதில் 'மற்றவர்கள்', என் பெயர், 'நீக்கு'. படம் வரைந்து வைத்திருக்கிறேன். பென் டிரைவில் இருப்பது எனக்கு வேண்டாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கும் இல்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்தால் அந்த வீடே கூட வந்துவிடுகிறது. ஒரு வாரத்துக்கு என்னால் வேலை பார்க்க முடிவதில்லை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வேறு ஊரில் வேலைக்குச் சேருகிறேன். கூட ஒருவர் வருகிறார். மறுபடி ஆரம்பிக்கிறேன், அத்தை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 3

அம்மாடிக்கு,

நீ ஊர் மாறுவதற்குள் கிடைக்கட்டும் என்று உடனே எழுதுகிறேன்.

படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். நீக்கவா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தடவை கேட்டபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு அழுத்திவிட்டேன். எழுபத்தொன்றைத் தாண்டி நூறு வரை ஒரே ஓட்டமாக ஓடியது. கட்டம் போடும் புரோகிராம் திறக்கிறது. நேற்றே புதிர் அனுப்பிவிட்டேன்.

இத்தனை நாளும் காலையில் திரையைத் திறந்தால் இரண்டு பெயர் வரும். நீயா நானா என்று கேட்கும். இப்போது கேட்பதில்லை, நேராக உள்ளே விட்டுவிடுகிறது.

புது விலாசம் நீ எழுதவில்லை. நீ எதையும் மறக்கிற ஆள் இல்லை. அதனால் நானும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் நீ கத்தமாட்டாய், பேச்சை நிறுத்திவிடுவாய். அப்போது உன்னைத் தனியாக விடக்கூடாது, பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். கல்யாணம் ஆன முதல் மாதமே எனக்கு இது தெரியும். என் பையனிடம் நான் சொல்லவே இல்லை. கூட வருகிறவரிடம் நீயே சொல்லிவிடு.

அத்தை