பத்தொன்பது நாள் தாங்கும் சம்பளம்

மார்ச் 2

சம்பள உயர்வுக் கடிதம் வந்தது. மூன்று சதவீதம். லேப் தலைவர் கை குலுக்கினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் லிட்மஸ். மேலாளர் அறையில் ஒரு நிறம், எங்கள் எதிரில் வேறு நிறம். "வாழ்த்துகள்மா, இந்த வருஷம் நல்லா பண்ணியிருக்காங்க" என்றார். யாருக்கு என்று கேட்க வாய் வந்தது. சம்பளம் வாங்குகிற வாய், அடங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஜூனிலிருந்து வாடகை பதினைந்து சதவீதம் கூடுதல் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கை குலுக்கவில்லை.

மார்ச் 3

"உணவு அறிவியல் டெக்னீஷியன், சராசரிச் சம்பளம்" என்று இணையத்தில் தேடினேன். ஓர் எண் வந்தது. அதற்குக் கீழே, இந்த ஊரில் ஒரு குடும்பம் வசதியாக வாழ ஆகும் செலவு என்று இன்னோர் எண். முதல் எண்ணே எனக்கு எட்டவில்லை. இரண்டாவதை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

அந்தச் சராசரி ஆள் யார்? எங்கே வேலை பார்க்கிறார்? வழியில் பார்த்தால் ஒரு டீ வாங்கித் தரச் சொல்ல வேண்டும்.

மார்ச் 20

ஒரு பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. சூப் பொடி, பதினெட்டு மாதம். சாஸ், பன்னிரண்டு. என் சம்பளம், பத்தொன்பது நாள். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தாலும் அவ்வளவுதான்.

என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மகள் படிப்பதும் அதே பள்ளிதான். ஒரு ஜன்னலில் சம்பளத்தை வாங்கி, பக்கத்து ஜன்னலில் ஃபீஸாகக் கட்டிவிட்டு வருகிறார். நடை மிச்சம்.

மார்ச் 21

எழுதி வைக்கிறேன், மனச்சாட்சிக்காக. ஒவ்வொரு பேட்சிலும் மூன்று பாக்கெட்டைப் பிரிக்காமல் லேப் அலமாரியில் வைப்போம். கன்ட்ரோல் சாம்பிள் என்று பெயர். யாராவது புகார் சொன்னால் அதைப் பிரித்துச் சோதிப்போம். புகார் வராமல் தேதி முடிந்துவிட்டால், "அழிக்கப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அழிக்கிறேன். வீட்டில், வெந்நீர் ஊற்றி.

அந்தத் தேதிக்குப் பிறகும் இரண்டு மாதம் கெடாது என்று சோதித்துச் சொன்னதே நான்தான். என்னை நானே நம்பாவிட்டால் எப்படி?

மகளுக்கு ஒன்பது வயது. லேப் ருசிப் படிவத்தின் நகல் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் நிறம், மணம், உப்பு என்று மதிப்பெண் போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவாள். கறாரான ஆள். ஒரு தடவை என் சாம்பாருக்கே பத்துக்கு மூன்று போட்டாள்.

ஏப்ரல் 22

கீழ்த்தட்டில் தேதி முடிந்த பாக்கெட் ஒன்றுகூட இல்லை. போன வாரம் பதினொன்று இருந்தது. எலி என்றால் கிழிந்த உறையாவது கிடக்கும். இது உறையோடு விழுங்குகிற எலி. வாட்ச்மேன் மேல்தான் எனக்குச் சந்தேகம். என்ன மனுஷன், வெட்கமே இல்லாமல்!

மேல்தட்டில் 217-ஆம் பேட்ச், தக்காளி சூப். தேதி முடிய இன்னும் ஏழு மாதம். சின்ன பேட்ச், முழுவதும் ஒரே கேண்டீன்காரருக்குப் போனது. அந்த ஆள் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. மூன்றையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 24

இரண்டு பாக்கெட் எங்களுக்கு. மகளின் படிவம்: "217. நிறம் 7. மணம் 6. உப்பு சரி. நேத்தும் இதேதான்."

மூன்றாவதை மாடிக்குக் கொண்டுபோய், எங்கள் கம்பெனித் தயாரிப்பு என்று வீட்டுக்காரர் மனைவியிடம் கொடுத்தேன். வீட்டுக்காரர் உருகிவிட்டார். "சரிம்மா, பத்து சதவீதமா வச்சுக்குவோம்" என்றார். ஒரு சூப் பாக்கெட்டுக்கு ஐந்து சதவீதம்! என் பட்டம் இத்தனை வருடத்தில் இவ்வளவு சம்பாதித்துக் கொடுத்ததில்லை.

மே 5

புகார். 217.

மே 5, மத்தியானம்

உப்புக் கரிக்கிறதாம். கேண்டீன்காரர் எல்லாப் பாக்கெட்டையும் பிரித்துப் பெரிய டப்பாவில் கொட்டிவிட்டார். அதிலிருந்து ஒரு பிடி அனுப்பியிருந்தார். சோதித்தேன். இரண்டு மடங்கு உப்பு.

"கன்ட்ரோல் சாம்பிளை எடுங்கம்மா" என்றார் லிட்மஸ்.

அலமாரியைத் திறந்து தேடுவதுபோலத் தேடினேன். ஐயோ, என்னத்தச் சொல்ல? வயித்துல இருக்குன்னா? "காணோம் சார்" என்றேன்.

அவ்வளவுதான், பேச்சு உப்பு அக்கா மேல் திரும்பிவிட்டது. உப்பும் வாசனைப் பொடியும் எடை போடுவது அவர்தான், பன்னிரண்டு வருடமாக. என்னைவிடக் குறைந்த சம்பளம். துடைக்காமல் தராசைத் தொட மாட்டார். அன்றைய எடைத்தாளில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தியிருக்கிறார், அது ஒன்றுதான் குற்றம். "ரெண்டு தடவை கொட்டியிருப்பா" என்றார் மேலாளர். வெள்ளிக்கிழமையோடு அவரை நிறுத்தப் போகிறார்கள்.

மே 6

குளிர்பெட்டிக் கதவில் அந்தத் தாள் அப்படியே ஒட்டியிருக்கிறது. உப்பு சரி.

உப்பு ஜாஸ்தியா இருந்திருந்தா இந்தக் குட்டி சும்மா விட்டிருப்பாளா? அந்தக்கா மேல தப்பே இல்ல. அது எனக்குத் தெரியும் — எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னா நான் திருடி. வேலை போயிடும். சொல்லாட்டி அந்தக்காவுக்குப் போயிடும். இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆனாலும் நாள் முழுக்க யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வெட்கமா இருக்கு.

ராத்திரி கணவரிடம் சொன்னேன். வேன் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "மாடியில ஒண்ணு பிரிக்காம இருக்குமே?" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் சொன்ன உருப்படியான வார்த்தை இதுதான்.

மே 7

காலையில் மாடி ஏறினேன். கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது?

"ஏம்மா, கெட்டுப்போனதா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லைங்க, சோதனைக்கு வேணும்."

"அப்ப சோதிக்காததையா எங்களுக்குக் குடுத்தே?"

நல்லவேளை, பிரிக்கவில்லை. அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். நான் பாதிப் படி இறங்கியதும் மேலிருந்து குரல் வந்தது: "வாடகை பதினஞ்சுதான்."

பாக்கெட்டை லிட்மஸ் மேசையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

"இருபதாம் தேதிக்கு மேல வீட்டுல வேற ஒண்ணும் இருக்காது சார்."

முதல் தடவையாக அவர் முகத்தில் எந்த நிறமும் இல்லை. பாக்கெட்டைத் தானே வெட்டி, தானே சோதித்தார். உப்பு சரியாக இருந்தது.

மே 9

கேண்டீன்காரர் வாயைத் திறந்துவிட்டார். அந்த டப்பாவில் முன்பு உப்பு வைத்திருந்தாராம். அடியில் கிடந்ததைப் பார்க்காமல் பொடியைக் கொட்டிக் கலக்கிவிட்டாராம். மகாராசன்.

உப்பு அக்கா தப்பித்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், சம்பள உயர்வு ரத்து. அந்த மூன்று சதவீதம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பத்தான் சொன்னாராம். லிட்மஸ் பிடிவாதமாக மறுத்தாராம். லிட்மஸா? பிடிவாதமா?

மே 13

எனக்குப் பாக்கெட் திருடி என்று பெயர் பரவிவிட்டது. நான் அந்தப் பக்கம் போனால் உப்பு அக்கா தன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொள்கிறார். யாருக்காக மாட்டிக்கொண்டேனோ அவரே! அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. கழிப்பறையில் போய் அழுதேன்.

மே 21

அலமாரிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி யாரிடம்? என்னிடம்.

"சார், விளையாடறீங்களா?" என்றேன். லிட்மஸ் கதவைச் சாத்திவிட்டுத் தன் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தார். தேதி முடிந்த சூப் பாக்கெட் நான்கு. உறையோடு விழுங்கும் எலி, டை கட்டி உட்கார்ந்திருந்தது.

"மீதி ஏழு?"

"அழிச்சாச்சு" என்றார். பிறகு, "எனக்கும் இருபதாம் தேதிதான்மா" என்றார்.

வாட்ச்மேனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மே 28

சாப்பாட்டு வேளையில் உப்பு அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் ஏன் மாட்டிக்கொண்டேன் என்று லிட்மஸ் சொல்லியிருக்க வேண்டும். டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"பசிச்சா வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன கேடு உனக்கு? எடுத்துத் தின்னு. ஆமா, வாடகை எவ்வளவு குடுக்கறே?"

சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

ஜூன் 23

இந்தப் புது வீட்டில் ஓர் அறை குறைவு. மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கிறது. ஆனால் தொழிற்சாலைக்கு நடந்தே போய்விடலாம், வாடகை பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். எதிர் வீடு உப்பு அக்கா.

இன்று தேதி இருபத்து மூன்று. பர்ஸில் இன்னும் பணம் இருக்கிறது. இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

சாயங்காலம் அக்கா ஒரு பாத்திரம் நிறையக் காய் சமைத்துக் கொடுத்தார். மூவரும் வழித்துச் சாப்பிட்டோம். மகளின் படிவம்: "நிறம் 8. மணம் 9. உப்பு கொஞ்சம் கம்மி."

பன்னிரண்டு வருடமாக உப்பு எடை போடுகிறவரிடம் இதை எப்படிக் காட்டுவது? தாளை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன். பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்து, "சரியா இருந்துச்சுக்கா" என்றேன்.