தந்தை தொழில் என்ற கட்டம்

கும்மிடிப்பூண்டி,
டிசம்பர் 3

அன்புள்ள சகோதரர் தாவீது அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பு ஹெலன் டீச்சரின் ஸ்தோத்திரம். ஓசூரில் எல்லோரும் சுகமா என்று எந்த முகத்தோடு கேட்பேன்? என் குரல் கேட்டதும் போனை வைத்துவிடுகிறீர்கள். வைக்கத்தான் செய்வீர்கள். கிழிப்பதாக இருந்தாலும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

மகள் கிறிஸ்டினாவை அங்கே பள்ளியில் சேர்க்கவில்லை என்று உங்கள் பழைய பக்கத்து வீட்டு ஞானம்மா சொன்னார்கள். “சோறு போட்ற கம்பெனிய காட்டிக் குடுத்தவளுக்கு இன்னாத்துக்குப் படிப்பு” என்றீர்களாம். அண்ணா, அவள் காட்டிக் கொடுக்கவில்லை.

பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே விடை தேடுகிற பாடம் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். தினமும் வாய்க்கால் தண்ணீரில் லிட்மஸ் தாளை நனைத்து, நிறம் மாறுகிறதா என்று எழுதி வர வேண்டும்; நீலத் தாள் சிவந்தால் தண்ணீரில் அமிலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பெனி மதிலுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை உங்கள் மகளுக்குக் கொடுத்தது நான்தான். பத்து நாள் விடாமல் போனாள். மற்ற பிள்ளைகள் நிறத்தை எழுதியதோடு சரி. அவள் மட்டும், “மழ பேஞ்ச அன்னிக்கு மட்டும் ஏன் டீச்சர் செவக்குது?” என்றாள். இருபது வருஷ சர்வீஸில் எந்தப் பிள்ளையும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த இணையதளத்தில் பெயர் வேண்டாம், ஒரு எண் போதும் என்றுதான் போட்டிருந்தது. நான்தான் பழக்கதோஷத்தில், எல்லா நோட்டிலும் போடுவதுபோல, பெயர், தந்தை பெயர், தந்தை தொழில் என்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். உங்கள் பெயரையும் கம்பெனிப் பெயரையும் முத்து முத்தாக எழுதினாள். பெருமையாக எழுதினாள், அண்ணா. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியதும் நான்தான்.

ஏற்றிய நான்காம் நாள் கம்பெனி சூப்பர்வைசர் பரசுராமன் அந்தப் படத்தோடு பள்ளிக்கு வந்தார். மழை நாளில் கம்பெனி கழிவைத் திறந்துவிடுகிறது என்று யார் போட்டது என்று அதட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்டினா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “நான்தான் சார் போட்டேன்” என்று சொல்லிவிட்டாள். மறுநாள் உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பதினோரு வருஷ வேலை! ஊரையே விட்டு ஓசூருக்குப் போக வேண்டியதாயிற்று.

உங்களிடம் அடி வாங்கியும் அவள் என் பெயரைச் சொல்லவில்லையாமே. சீ, நானெல்லாம் ஒரு டீச்சர்.

படத்தை எடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று கம்பெனிக்கும் ஹெட்மாஸ்டருக்கும் எழுதிக் கொடுத்தேன். கம்பெனியிலிருந்து பதில் இல்லை. ரொம்பத் தாமதம், தெரியும். டி.சி.யை இதோடு வைத்திருக்கிறேன். அதற்காக நீங்கள் வந்து என் முகத்தில் விழிக்க வேண்டாம்.

கோபத்தை எல்லாம் என்மேல் வையுங்கள். பிள்ளையை மட்டும் கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அங்கேயும் விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். எழுதப் பயப்படுவாள். நீங்கள் பக்கத்தில் நின்று, எழுதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக.

இப்படிக்கு,
அன்று வாய் திறக்காத
ஹெலன்