கதவைத் திறந்தால் நின்றுவிடும்

மார்ச் 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

பத்து வருஷம் கழித்து என் கடிதத்தைப் பார்த்தால் கிழித்துப் போடத்தான் தோன்றும். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்து, வாத்தியார், சேர்மன் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட உரிமையில் கேட்கிறேன், படித்துவிட்டுக் கிழி. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு இப்போது நான்தான் தலைவன். போன மாதம் பள்ளிப் பிள்ளைகளைத் தொழிற்சாலை பார்க்க அழைத்திருந்தோம். அட்டைப்பெட்டி அழுத்தும் இயந்திரத்தின் முன் நின்று, "இந்தக் கதவைத் திறந்தால் தானே நின்றுவிடும், பாருங்க" என்று திறந்து கையை விட்டேன். நிற்கவில்லை.

விசாரணையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதப் போகிறார்களாம். எழுதிவிட்டால் இழப்பீடும் போச்சு, மானமும் போச்சு. வேலையிடத்தில் மனிதர்கள் ஏன் தவறு செய்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவன் நீ. குற்றம் என்மேல் இல்லை என்று ஓர் அறிக்கை எழுதிக்கொடுடா.

உன்
சேர்மன்

மார்ச் 11

சேர்மனுக்கு,

விரல்கள் போனதற்கு வருந்துகிறேன். ஊர் வழக்கத்துக்குச் சொல்லிவைக்கிறேன்.

கதவை மூடினால் அழுந்தும் உள்சுவிட்சை டேப் ஒட்டி அழுத்தியே வைத்திருப்பார்கள். அப்போதுதான் திறந்தாலும் இயந்திரம் ஓடும், உற்பத்தி குறையாது. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். அட்டை சிக்கினால் கம்பியால் குத்தி எடுப்பார்கள், கையை விடமாட்டார்கள். கதவு காப்பாற்றும் என்ற உன் பேச்சை நம்பியவர்கள் இரண்டே பேர். பத்து வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் விரலை இழந்த அந்தப் பெண். அப்புறம் நீ.

அவளுக்காக நான் அறிக்கை எழுதியபோது, "அவ கவனக்குறைவுதான்" என்று சாட்சி சொன்னாய். தொழிற்சங்கத்துக்காரர்களிடம் நான் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டதாக என் கல்லூரிக்கு வந்து ஓதியவனும் நீதான். ஆய்வுக்கூடத்திலிருந்து தூக்கி நூலகத்தில் போட்டார்கள். இன்னும் அங்கேதான் குந்தியிருக்கிறேன்.

இதை உன் மகள்தான் உனக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

வாத்தியார்

மார்ச் 19

அன்புள்ள வாத்தியாருக்கு,

திட்டித் தீர்த்துவிட்டாய். இப்போதாவது வயிற்றெரிச்சல் அடங்கியதா?

மகள் பாதியில் நிறுத்தி, "அப்பா, இதெல்லாம் நிஜமா?" என்றாள். "அவன் அப்படித்தாம்மா, எதையும் ஊதிப் பெருசாக்குவான்" என்றேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். இதை எழுதுவது என் மனைவி.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்போது உற்பத்தி என் பொறுப்பில் இருந்தது. டேப் ஒட்டச் சொன்னது நான்தான். இத்தனை வருஷம் கழித்தும் அது அங்கேயே இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. கதவைத் திறந்தால் நின்றுவிடும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டதடா. அந்த டேப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு எழுது. வீட்டில் இவளும் கேட்டுக்கொள்கிறாள்.

சேர்மன்

ஏப்ரல் 8

சேர்மனுக்கு,

அறிக்கையை அனுப்பிவிட்டேன். உனக்கல்ல, நேராக விசாரணை அதிகாரிக்கு.

நீ கேட்டது அதில் இருக்கிறது. உன்மேல் கவனக்குறைவு இல்லை. காப்பாற்றும் என்று சொல்லிக்கொடுத்த கதவை ஒருவன் நம்பினால் அவனைக் குறை சொல்ல முடியாது. அதே இயந்திரம், அதே கதவு என்பதால் அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டேன். உன்னை விடுவித்துவிட்டு அவளை எப்படி விடுவது?

டேப் யார் சொல்லி ஒட்டப்பட்டது என்பதையும் எழுதியிருக்கிறேன். அதை ஒட்டிய ஃபிட்டர் நேரில் வந்து சொல்கிறார். ஓய்வு பெற்றுவிட்டார், இனி உன்னிடம் அவருக்கு என்ன பயம்? "எப்ப வரணும் சார்? சட்டையை இப்பவே தேய்ச்சு வச்சிடறேன்" என்றார்.

வாத்தியார்

ஜூலை 2

வாத்தியாருக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. நான் கவனக்குறைவானவன் இல்லையாம். எனக்கு இழப்பீடு உண்டு, அந்தப் பெண்ணுக்கும் உண்டு. டேப் ஒட்டச் சொன்னதற்காகக் கம்பெனி என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டது. வழக்கும் போட்டிருக்கிறார்கள். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது என் இடது கை எழுத்து, பொறுத்துக்கொள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடு. நியாயத்துக்காகச் செய்தாயா, என்னைப் பழிவாங்கச் செய்தாயா?

ஜூலை 10

சேர்மனுக்கு,

பழிவாங்கத்தான். நியாயமும் அதே வழியாகப் போய்க்கொண்டிருந்தது, ஏறிக்கொண்டேன்.

போன வாரம் அந்தப் பெண் நூலகத்துக்கே தேடிவந்தாள். "நீங்க நல்லா இருக்கணும் சார். எனக்குன்னு யாரு இருந்தா?" என்று அழுதாள். உனக்காகச் செய்யவில்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அது ஒன்றுதான் உறுத்துகிறது. உன் விஷயத்தில் ஓர் உறுத்தலும் இல்லை. வெகுகாலத்துக்குப் பிறகு நேற்று வயிறாரச் சாப்பிட்டேன்.

இனி எழுதாதே.

வாத்தியார்