அடுப்போரத்து ஓட்டை

அன்புள்ள அம்மாவுக்கு லிரியின் வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இளைத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்பாதே.

நேற்று ஓட்டல் முற்றத்தில் துணி காயப்போடும்போது, மதில்மேல் ஒரு பாம்பு சட்டை உரித்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் பாம்பென்றாலே குமட்டுமே! ஆனால் அது மெல்ல வெளியே வந்ததும், நீ கல்யாணங்களுக்குக் கட்டிப்போகும் பட்டுத் தலைத்துணி ஞாபகம் வந்தது. தேன் நிறம், அதில் கறுப்புக் கோடுகள். அசையாமல் நின்றுவிட்டேன்.

சமையல்காரர் ஸ்தமாதிஸ் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "தள்ளிக்கோ பொண்ணே, ஒரே போடு!"

"விடுங்கண்ணே, அது வீட்டுக்காரி" என்றேன், நம் வீட்டுப் பாம்பை நீ சொல்வதுபோலவே.

"உங்க அல்பேனியாவுல பாம்பைக்கூடக் குடிவைப்பீங்களா?"

"நாங்கதாண்ணே அது வீட்டுல குடியிருக்கோம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, நம் வீட்டுப் பாம்பு வந்துபோகும் அடுப்போரத்து ஓட்டையை நான் சிமெண்ட் பூசி அடைத்தேன். நீ அதன் பால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாய்.

மணி அடிக்கிறார்கள், போக வேண்டும். அந்தச் சிமெண்டைப் பெயர்த்துவிடு அம்மா. அப்பாவின் உளி பரணில் இருக்கிறது. நானும் இல்லாத வீட்டில் அவளாவது உன்னோடு இருக்கட்டும்.

உன் லிரி