மஞ்சள் விளக்கும் சைமன் பாவாவும்

திருத்தணி,
வியாழன் காலை.

அன்புள்ள மருமகள் ஸ்வீட்லினுக்கு,

திருத்தணி மலைக்கும் அரக்கோணம் ஜங்ஷனுக்கும் இடைப்பட்ட பூமியெங்கும் புகழ் பரப்பி வாழும் உன் தாய்மாமன் ஜெபசீலன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும், உன் அம்மா யூனிஸும், என் பாவாவாகிய உன் அப்பாவும் சுகம். சுகமில்லாமல் இருப்பது நீ வாங்கி அனுப்பிய கார் மட்டும்தான். பூனாவில் நீயும் பிரகாஷும் சுகமாக இருக்க என் ஜெபம்.

கையில் போன் இருக்கும்போது மாமன் எதற்காகத் தபால் ஆபீசில் ஸ்பீட் போஸ்ட் வரிசையில் நின்றான் என்று கேட்பாய். போன வாரம் உன் அம்மாவுக்கு மட்டும் ஒரு ரகசியச் செய்தி அனுப்பினேன். விரல் தவறி அது நம் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. படித்துப் பார்க்காமலேயே பாதிச் சபை 'ஆமென்' போட்டது. அந்தக் குழுவில் உன் அப்பாவும் இருக்கிறார். இந்தச் சங்கதி அவர் கண்ணில் பட்டால் என் முகவரியை நித்திய ஜீவனுக்கு மாற்றிவிடுவார். ஆகவேதான் காகிதம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் அப்பா உனக்குப் போன் செய்யக்கூடும். நீ பிரகாஷைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட நாள் முதல் உன்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர், உன்னை 'யூனிஸ் பொண்ணு' என்று ஏதோ அடுத்த தெருக்காரி போலக் குறிப்பிடுகிற மனிதர், அவரேதான். 'செய்யக்கூடும்' என்று எழுதியிருக்கிறேன், கவனி. அவர் செய்தால் அந்தப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடியுமா, நீளுமா என்பது உன் கையில் இருக்கிறது.

நீ வேலை பார்க்கும் கம்பெனியின் காரையே உன் அம்மா பெயரில் அனுப்பினாயே, அது வந்து இறங்கியபோது பாவா வெளியே வந்து, "யார் கேட்டாங்க இதை?" என்றார். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அதற்கு உறை வாங்கி வந்தார். அது முதல், மலைமேல் கோவில் மணி அடிக்கும் நேரத்துக்கு இங்கே கார் துடைக்கும் வேலை ஆரம்பமாகும். பெற்ற பிள்ளைகளை இப்படிக் குளிப்பாட்டிய தகப்பனை இந்தத் தாலுகா கண்டதில்லை. உன்மேல் உள்ள கோபம் ஒரு பக்கம், கார் கண்ணாடியில் ஒரு தூசி இருக்கக்கூடாது என்ற வைராக்கியம் ஒரு பக்கம்.

ஓட்டுவது வீட்டிலிருந்து சர்ச்சுக்கும் சர்ச்சிலிருந்து வீட்டுக்கும்தான். ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை இழுத்துக்கொண்டு சரக்கு ரயில் ஓட்டிய மனிதர், இந்தக் காரில் உட்கார்ந்தால் வேகமுள் இருபத்தைந்தைத் தாண்டாது. கல்யாண ஊர்வலத்து பேண்டு செட் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. டிரம் அடிப்பவர் அனுதாபத்தோடு திரும்பிப் பார்த்தார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடந்து வந்தவர்கள் பின்னாலிருந்து கைதட்டி வழி கேட்டார்கள். கொஞ்சம் வேகமாகப் போகலாமே பாவா என்றால், இரவல் பொருளைப் பதமாகத்தான் வைத்திருக்க வேண்டும் என்கிறார். யாரிடம் இரவல் என்று நான் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் காருக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

உன் அப்பாவுக்கு மஞ்சள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, அடுத்த சிக்னல் சிவப்பாக இருக்கலாம். ரத்தத்தில் ஊறின பாடம். ஆகவே இருபத்தைந்தைப் பதினைந்தாக்கினார். விளக்கு அணையவில்லை. பத்தாக்கினார். அப்போதும் அணையவில்லை. இன்னும் குறைத்தால் அது ஓட்டுவது ஆகாது, நிறுத்தி வைப்பது ஆகும். கடைசியில் என்ஜினுக்கே மனம் விட்டுப்போய், சர்ச்சுக்கு முன்னால் உள்ள சின்ன மேட்டில் ஏற மாட்டேன் என்று முனகியது. போதகர் அங்கியோடு வந்து தள்ளினார். பாடகர் குழு தாளம் தப்பாமல் தள்ளியது.

மெக்கானிக் துளசிங்கத்தைக் கூப்பிட்டேன். என் ஜீப் நாலு தெருவுக்கு அப்பால் இருமினால், டீக்கடையில் உட்கார்ந்தபடியே எந்த உறுப்பு என்று சொல்லிவிடும் தன்வந்திரி. அவன் வந்து கெத்தாக பானட்டைத் திறந்தான். வெகுநேரம் பார்த்தான். "இன்னாண்ணா, மூடியத் தொறந்தா உள்ள இன்னொரு மூடி கீது?" என்றான். அந்த மூடியையும் கழற்றினான். உள்ளே ஒயர்கள், குழாய்கள், அவற்றுக்குள் குட்டி ஒயர்கள். ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கையில் பிடித்தபடி காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். கம்ப்யூட்டருக்கு டயர் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள், இது தன் ஜாதி வண்டி இல்லை என்று சொல்லிவிட்டு, பானட்டைச் சவப்பெட்டியை மூடுவது போல இரண்டு கையாலும் மெதுவாக மூடினான்.

என் ஜீப்பை நினைத்துப் பார். ஒருமுறை ஃபேன் பெல்ட் அறுந்தபோது, உடுத்தியிருந்த பொதட்டூர்பேட்டை லுங்கியைக் கிழித்து முறுக்கிக் கட்டி, மிச்ச லுங்கியோடு மானத்தைக் காத்துக்கொண்டு திருப்பதி வரை போய் வந்தவன் நான். உன் காரில் அப்படிக் கட்ட வேண்டுமானால் லுங்கிக்கே சாஃப்ட்வேர் போட வேண்டும் போலிருக்கிறது. ஆனால் நியாயத்தையும் எழுத வேண்டும். என் ஜீப்பை ரிப்பேர் செய்வது சுலபம், ஏனென்றால் அதற்கு அந்தப் பழக்கம் அதிகம். கனகம்மாசத்திரம் ரோட்டில் என் ஜீப் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் புதிதாக டீக்கடையே போடுகிறார்கள். உன் காரோ அந்த விளக்கு எரியும் வரை ஒரு தும்மல் போட்டதில்லை.

பிறகு கம்பெனி ஆள் மடிக்கணினியோடு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, உன் அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே ஏதோ தட்டினார். வண்டிக்கு உயிர் வந்தது, மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. பாவா காபி டம்ளரை உள்ளே கொண்டுபோன சமயம் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வண்டியில் குறையே இல்லையாம். புகைக் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். வேகமாக ஓடினால் அந்தச் சூட்டில் கரி தானே எரிந்துபோகுமாம். பெரியவர் ஆமை நடையில் ஓட்டுவதால் கரி சேர்ந்து அடைத்துக்கொண்டதாம். திருப்பதி ரோட்டில் எண்பதில் அரை மணி நேரம், நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினால் மஞ்சள் விளக்கு அணைந்துவிடுமாம்.

மஞ்சள் எரிந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும்! இதை ஒரு ரயில்வேக்காரரிடம் எந்த வாயால் சொல்வது? அம்மா தாயே, உங்கள் கம்பெனியில் பனியில் ஓட்டிப் பார்த்தீர்களாம், பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தீர்களாம். ஒரே ஒருமுறை சைமன் பாவா கையில் கொடுத்து ஓட்டிப் பார்த்தீர்களா?

கம்பெனி ஆள் போனதும் பாவா வந்து, என்ன சொன்னான் என்று கேட்டார். அங்கேதான் என் நாக்கு என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தது. அவனுக்கே புரியவில்லையாம் பாவா, இதைச் செய்தவர்களைக் கேட்டால்தான் தெரியுமாம் என்றேன். பாதிப் பொய்தான். நீ அங்கே இந்த ஃபில்டர் வேலையைத்தான் பார்க்கிறாய் என்பதை உன் அம்மா சபையில் சாட்சி சொல்லாத குறையாகச் சொல்லி வைத்திருக்கிறாளே.

பாவா கார் உறையை இழுத்து மூடிவிட்டு உள்ளே போனார். ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி, அவள் இதைத்தானே செய்கிறாளாம் என்று கேட்டாராம். ஆங் என்று மட்டும் சொன்னாளாம் உன் அம்மா. அன்று கல்லில் இருந்த தோசை கருகிப்போனது. அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து தோசை கருக விட்டவள் இல்லை.

மறுநாள் துளசிங்கம் புது யோசனையோடு வந்தான். யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம். அந்த ஃபில்டரை அறுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் குழாயை வைத்துவிட்டால் விளக்கும் வராது, வினையும் வராதாம். அறுக்கிற மிஷினையே கொண்டுவந்துவிட்டான். உன் அப்பா காருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார்.

"அதுல கை வெக்காத, துளசிங்கம். எம் பொண்ணு செஞ்சது."

துளசிங்கம் மிஷினைக் கீழே வைத்துவிட்டான். நான் மலைக்கோபுரத்தை முதல்முறை பார்ப்பவன் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று ராத்திரி பாவா, ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் அவள் வீட்டில் இருப்பாளா என்று உன் அம்மாவிடம் கேட்டாராம். நேற்றுக் காலை உன் அப்பா வீட்டுக்குப் போனேன். பாவா காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. கண்ட்ரோல் ரூமுக்குத் தகவல் கொடுக்கிற கம்பீரத்தோடு, "சைமன் பேசறேன். லோகோ பைலட், ரிடையர்டு. வண்டியில மஞ்சள் விளக்கு" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சரியில்லை என்று தோன்றியிருக்கும், மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை "பாப்பா" என்றார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஸ்டியரிங்கைத் துண்டால் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் தெருமுனை வரை திரும்பிப் போய், அங்கிருந்து பலமாக இருமிக்கொண்டு புதிதாக வந்தேன்.

ஆகவே ஸ்வீட்லின், மாமன் சொல்வதைக் கேள். போன் வந்தால் அழாதே. அழுதால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவார். கல்யாணப் பேச்சை எடுக்காதே. விளக்கைப் பற்றி மட்டும் கேள், ஆனால் வைத்தியத்தை மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் "சரி" என்பார், அத்தோடு முடிந்தது. என் ஜீப்பாக இருந்தால் அடுத்த வாரமே வேறொரு காரணம் கொடுக்கும். நீ செய்து வைத்திருக்கிற என்ஜின் அவ்வளவு லேசில் மறுபடியும் கெடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. என்ஜினை ஓட விட்டு பானட்டுக்கு மேலே போனைப் பிடிக்கச் சொல். ஒன்றும் கேட்காவிட்டாலும் கேள். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் கேள். பிறகு, போனில் பிடிபடவில்லை அப்பா, நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்.

வரும்போது பிரகாஷையும் கூட்டிக்கொண்டு வா. மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே எண்பதில் போக பாவாவால் இந்த ஜென்மத்தில் முடியாது. எனக்கு எண்பது என்ற எண்ணையே ஜீப் காட்டியதில்லை. பிரகாஷ் ஓட்டட்டும். பாவாவை அவன் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார வைப்பது என் பொறுப்பு. நீயும் அம்மாவும் பின்னால். எனக்கு இடமில்லாவிட்டால் டிக்கியில் படுத்துக்கொள்கிறேன். நடுவில் நிறுத்தக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அரை மணி நேரம் ஒருவரும் கோபித்துக்கொண்டு இறங்கிப் போக முடியாது.

அந்த அரை மணி நேரத்தையும், அதில் உட்காரப் போகிறவர்களையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
தாய்மாமன்
ஜெபசீலன்